மூன்று மணி நேரம் படித்தும் மதிப்பெண் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் தினமும் மாலையில் மூன்று மணி நேரம் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறான். ஆனாலும் கணக்கிலும் அறிவியலிலும் மதிப்பெண் குறைந்துகொண்டே போகிறது. கேட்டால், ‘படித்தேன், மறந்துவிட்டது’ என்கிறான். நல்ல மதிப்பெண் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னோம், அதட்டியும் பார்த்தோம். இப்போது படிப்பு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எப்படி ஊக்கப்படுத்துவது? டியூஷனில் சேர்க்கலாமா?

பதில்: தினமும் மூன்று மணி நேரம் உட்காரும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல மனம் வரவில்லை. பாடுபட்டும் பலனில்லை என்று தேர்வுக்குத் தேர்வு தெரியவந்தால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். ஊக்கம் வந்த பிறகு மதிப்பெண் ஏறும் என்று காத்திருக்காதீர்கள். ஓரிடத்திலாவது மதிப்பெண் ஏறட்டும். ஊக்கம் பின்னாலேயே வரும்.

அதற்குக் கடைசித் தேர்வின் கணக்கு விடைத்தாளை எடுங்கள். மொத்த மதிப்பெண்ணைப் பற்றி வாயே திறக்காமல், தவறான ஒவ்வொரு கணக்கும் எந்த வரியில் தடம் மாறியது என்று அவனையே தேடச் சொல்லுங்கள். 12 − (5 − 2) என்பதை 12 − 5 − 2 என்று பிரித்து 5 என எழுதியிருப்பான். சரியான விடை 9. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே இருப்பதன் குறியும் மாறும் என்பது அவன் மனதில் பதியவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு பிழையே இயற்கணிதம் முழுக்க மதிப்பெண்ணைத் தின்றுகொண்டிருக்கலாம். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று நினைத்திருந்தவனுக்கு, ‘இந்த ஒரு படிதான் வரவில்லை’ என்று தெரிவதே பெரிய ஆறுதல். அதில் மட்டும் தினமும் நான்கைந்து கணக்குகள் போடட்டும்.

அறிவியலில் சிக்கல் வேறு. அவன் திரும்பத் திரும்ப வாசிக்கிறான் என்று ஊகிக்கிறேன். வாசிக்க வாசிக்க வரிகள் பழகிவிடுவதால், தெரிந்துவிட்டது போலத் தோன்றும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மறுவாசிப்பு செய்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது. படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. எனவே ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதட்டும். விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்க்கட்டும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே போல. மூன்று மணி நேரமெல்லாம் வேண்டாம், ஒன்றரை மணி நேரம் போதும். முதலில் திணறுவான்; அந்தத் திணறலில்தான் பாடம் பதிகிறது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சைக்கிள் ஆசை காட்டியதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அதை எட்டும் வழி தெரியாதவனுக்கு அது இன்னொரு தோல்வியாகத்தான் போய் முடியும். வாங்கித் தர வசதியிருந்தால் மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடாமல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பாராட்டும்போது ‘நீ புத்திசாலி’ என்பதைவிட, ‘போன வாரம் விட்ட குறியை இன்று நீயே திருத்திவிட்டாய்’ என்பது அவனுக்கு உதவும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை அடியோடு நிறுத்துங்கள்.

கரும்பலகை எழுத்து தெரிகிறதா, இரவில் போதிய அளவு தூங்குகிறானா என்பதையும் கவனியுங்கள். டியூஷனைப் பொறுத்தவரை, விடைத்தாளைப் பார்த்து முடித்த பிறகு முடிவெடுங்கள். உங்களால் விளக்க முடியாத பாடத்துக்கு மட்டும், அவன் போட்ட கணக்கை வரிவரியாகப் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் கிடைத்தால் அனுப்புங்கள். நாற்பது பேரோடு உட்காரவைத்து மறுபடியும் அதே பாடத்தை நடத்தும் இடமென்றால் வேண்டாம்.