மயக்க மருந்து குடுத்தா வர்றது தூக்கமா?

கேள்வி: அம்மாவுக்கு பித்தப்பை ஆபரேஷன். டாக்டர் "ஊசி போட்டதும் தூங்கிடுவாங்க"ன்றாரு. அது நிஜமாவே தூக்கந்தானா? யாராவது ஆராய்ச்சி பண்ணிருக்காங்களா?

பதில்: தூக்கம் இல்லைங்க. பயப்படக்கூடாதுன்னுதான் டாக்டர்ங்க அப்படி சொல்றாங்க. இத ஆராய்ச்சி பண்றதுக்காகவே வாழ்க்கைய செலவழிச்சவர் எமரி பிரவுன், ஹார்வர்டுல மருத்துவமும் புள்ளியியல்ல பிஎச்டியும் முடிச்சு, எம்ஐடில பேராசிரியரா இருந்துகிட்டே பாஸ்டன் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல்ல மயக்க மருந்தும் குடுத்தவரு. 2010ல அவர் இன்னும் ரெண்டு பேரோட எழுதின கட்டுரைல இது மருந்தால வர்ற, திரும்பி மீளக்கூடிய கோமான்னு தெளிவா சொல்லிட்டாரு. தூங்குறவங்கள தட்டினா எழுந்துருவாங்க, இதுல கத்தி வச்சாலும் எழ மாட்டாங்கல்ல.

ப்ரோபோஃபால்ன்ற மயக்க மருந்து போட்டா ஈஈஜில (மூளையோட மின் அலைங்கள பதிவு பண்ற சோதனை) ரொம்ப மெதுவான அலை ஒண்ணும், மூளையோட முன்பக்கத்துல செகண்டுக்கு 8லருந்து 12 தடவை துடிக்கிற இன்னொரு அலையும் வரும், அந்த மெதுவான அலைல கொஞ்ச நேரம் மட்டுந்தான் நியூரான், அதாவது மூளை நரம்பு செல், வேலை செய்யும், ஒரு பகுதி முழிச்சிருக்கப்ப இன்னொண்ணு அமைதியா கெடக்கும், அதனால மூளைக்குள்ள பேச்சுவார்த்தையே நின்னுபோகுது. கெட்டமின்ன்ற இன்னொரு மயக்க மருந்து வேற மாதிரி, அதுல வேகமான அலைங்க வரும்.

புள்ளியியல் படிச்சதாலதான் அவரால இந்த அலைங்கள கணக்கா பிரிச்சுப் பாக்க முடிஞ்சுது, எனக்கு அவர்கிட்ட ரொம்ப பிடிச்சதே அதான். வயசானவங்களுக்கு கம்மி மருந்தே போதும்னு ஈஈஜி பாத்தே சொல்லலாம்ன்றாரு. அம்மாவோட வயசு, சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் மயக்க மருந்து டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.