இந்த மெத்தடை யார் அழைக்கிறார்கள்? ரோஸ்லின் கேள்வி பதில்

சி ஷார்ப் கம்பைலரான ரோஸ்லினின் ஏபிஐ வழியாக மெத்தட் ரெஃபரன்ஸ் (ஒரு மெத்தட் பயன்படும் இடங்கள்) தேடுவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: ‘சேவ்’ என்று கிரெப் (உரை தேடும் கருவி) போட்டால் நூற்றுக்கணக்கில் வரிகள் வருகின்றன. எனக்கு ஆர்டர்ரிப்போ கிளாஸின் சேவ் மட்டும் வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: கிரெப்புக்கு எழுத்துதான் தெரியும், கம்பைலருக்குச் சிம்பல் (கிளாஸ், மெத்தட் ஒவ்வொன்றுக்கும் அது வைத்திருக்கும் அடையாளம்) தெரியும். எம்எஸ்பில்ட்வொர்க்ஸ்பேஸ் (சொல்யூஷனை ரோஸ்லினுக்குள் ஏற்றும் கிளாஸ்) உருவாக்கி, ஓபன்சொல்யூஷன்அசின்க் மூலம் சொல்யூஷனைத் திறங்கள். அந்த கிளாஸ் எழுதப்பட்டிருக்கும் ப்ராஜெக்டின் கம்பைலேஷனை (அதன் நிரலும் லைப்ரரி ரெஃபரன்ஸ்களும் சேர்ந்த தொகுப்பு) வாங்கி, கெட்டைப்பைமெட்டாடேட்டாநேம் மூலம் கிளாஸையும், கெட்மெம்பர்ஸ் மூலம் மெத்தடையும் எடுங்கள். ஓவர்லோட் (அதே பெயரில் வேறு பாராமீட்டர் கொண்ட மெத்தட்) எத்தனை உண்டோ அத்தனையும் வரும், பாராமீட்டர் பார்த்துப் பொறுக்குங்கள். அந்தச் சிம்பலையும் சொல்யூஷனையும் சிம்பல்ஃபைண்டரின் ஃபைண்ட்ரெஃபரன்சஸ்அசின்க்குக் கொடுத்தால் இடங்கள் கிடைக்கும். கெட்லைன்ஸ்பேன் தரும் வரி எண் 0-இல் தொடங்கும். அச்சிடும்போது 1 கூட்டுங்கள்.

கேள்வி: அப்படியே செய்தேன் சார். விடை காலி. எர்ரரும் இல்லை.

பதில்: பலரும் ஏமாறும் இடம் இதுதான். ப்ராஜெக்ட் சரியாக லோட் ஆகாவிட்டாலும் எம்எஸ்பில்ட்வொர்க்ஸ்பேஸ் பெரும்பாலும் எக்ஸெப்ஷன் வீசாது. குறையை டயக்னாஸ்டிக்ஸ் பட்டியலில் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். சொல்யூஷன் திறந்த மறுவரியிலேயே அதை அச்சிடுங்கள். ‘சி ஷார்ப் மொழிக்கு ஆதரவு இல்லை’ என்ற பொருளில் செய்தி இருந்தால், சிஷார்ப்.வொர்க்ஸ்பேசஸ் பேக்கேஜ் விட்டுப்போயிருக்கிறது. லைப்ரரி கிடைக்கவில்லை என்று வந்தால் முதலில் டாட்நெட் ரீஸ்டோர் (தேவையான பேக்கேஜ்களை இறக்கும் கட்டளை) ஓட்டுங்கள். லைப்ரரி ரெஃபரன்ஸ் இல்லாத கம்பைலேஷனில் டைப்கள் எர்ரர் டைப்பாகிவிடும், அவற்றின் மேல் நடக்கும் அழைப்பு எந்தச் சிம்பலோடும் ஒட்டாது.

பழைய ரோஸ்லின் பதிப்பென்றால் இன்னொன்று: எம்எஸ்பில்ட்லொகேட்டரின் (கணினியில் எம்எஸ்பில்ட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது) ரெஜிஸ்டர்டிஃபால்ட்ஸை மெயினில் முதல் வரியாக அழைத்து, வொர்க்ஸ்பேஸைத் தொடும் நிரல் முழுவதையும் வேறொரு மெத்தடில் வையுங்கள். ஒரே மெத்தடில் இருந்தால், முதல் வரி ஓடுவதற்கு முன்பே ஜிட் (மெத்தடை ஓடும் நேரத்தில் இயந்திர நிரலாக்கும் கம்பைலர்) எம்எஸ்பில்ட் டிஎல்எல்லைத் தேடப் போய்விடும்.

கேள்வி: கெட்டைப்பைமெட்டாடேட்டாநேமுக்கு கிளாஸ் பெயரைச் சரியாகத்தான் கொடுக்கிறேன், நல் (வெற்று விடை) வருகிறது.

பதில்: நேம்ஸ்பேஸோடு முழுப் பெயர் வேண்டும். உள் கிளாஸுக்குப் புள்ளி அல்ல, கூட்டல் குறி. ஜெனரிக் என்றால் பெயருக்குப் பின்னால் பேக்டிக் குறியும் டைப் பாராமீட்டர் எண்ணிக்கையும்.

கேள்வி: இன்டர்ஃபேஸ் வழியாக அழைத்த இடங்களும் கலந்து வருகின்றனவே?

பதில்: வரத்தான் வேண்டும். வேரியபிள் ஐஆர்டர்ரிப்போ டைப்பில் இருந்தால், ‘ரிப்போ.சேவ்(ஆர்டர்)’ என்ற வரியில் கம்பைலர் காண்பது இன்டர்ஃபேஸின் சேவைத்தான். ஓடும்போது உங்கள் கிளாஸுக்கு வரக்கூடும் என்பதால் தேடல் அதையும் சேர்க்கிறது. பிரித்துப் பார்க்க, ஒவ்வொரு விடையிலும் உள்ள டெஃபினிஷனைப் பாருங்கள். அழைக்கும் மெத்தட்களின் பட்டியலே போதுமென்றால் ஃபைண்ட்காலர்ஸ்அசின்க் உண்டு. அதன் இஸ்டைரக்ட் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

கேள்வி: ஒரே வரி இரண்டு தடவை வருகிறது.

பதில்: ப்ராஜெக்ட் இரண்டு ஃப்ரேம்வொர்க்கைக் குறிவைத்தால் ரோஸ்லின் அதை இரண்டு ப்ராஜெக்டாக ஏற்றும். ஃபைல் பாதை, ஸ்பேன் (ஃபைலுக்குள் இருக்கும் இடம்) இரண்டையும் சேர்த்துச் சாவியாக்கி வடிகட்டுங்கள்.

கேள்வி: நானே சின்டாக்ஸ் வாக்கர் (நிரலின் மரத்தைக் கணுவாரியாகச் சுற்றிவரும் கிளாஸ்) எழுதி கெட்சிம்பல்இன்ஃபோவால் ஒப்பிடுகிறேன். எக்ஸ்டென்ஷன் மெத்தட் (வேறொரு டைப்பின் சொந்த மெத்தட் போல அழைக்கக்கூடியது) மட்டும் சிக்கவில்லை அண்ணா.

பதில்: புள்ளி வைத்து அழைத்தால் ‘திஸ்’ பாராமீட்டர் கழன்ற வேறு சிம்பல் வரும். அதன் ரெட்யூஸ்ட்ஃப்ரமை எடுங்கள். ஜெனரிக்கானால் மேலும் ஒரிஜினல்டெஃபினிஷன். பிறகு சிம்பல்ஈக்வாலிட்டிகம்பேரரால் ஒப்பிடுங்கள், இரட்டைச் சமக்குறியால் அல்ல. சிம்பல் நல் ஆனால் கேண்டிடேட்சிம்பல்ஸையும் பாருங்கள்: நேம்ஆஃபுக்குள் இருக்கும் மெத்தட் பெயர் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: ரெஃபரன்ஸ் பூஜ்யம் என்றால் மெத்தடை அழித்துவிடலாமா?

பதில்: உடனே வேண்டாம். ரிஃப்ளெக்ஷனில் (ஓடும்போது பெயரால் மெத்தடைத் தேடி அழைப்பது) சரமாகக் கொடுத்த பெயரும், டைனமிக் வேரியபிள் மேல் நடக்கும் அழைப்பும் இந்தத் தேடலில் வராது. ஹாஷ்-இஃப்பால் (நிபந்தனை பார்த்துக் கம்பைல் செய்யும் கட்டளை) அணைந்த பகுதி கம்பைலருக்கு வெறும் உரை. அந்தக் குறியீட்டை டிஃபைன் செய்து மறுபடி ஏற்றினால்தான் தெரியும். டயக்னாஸ்டிக்ஸ் காலி, எல்லா கான்ஃபிகரேஷனிலும் பூஜ்யம், மெத்தட் பெயரைச் சரத்துக்குள் கிரெப் செய்தும் இல்லை, வெளி ஆட்கள் பயன்படுத்தும் பப்ளிக் லைப்ரரியும் அல்ல என்றால் அழியுங்கள்.