புதுமைப்பெண் பணத்தில் போன் தவணையா?

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். மகளுக்கு அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் கிடைத்திருக்கிறது. "ஐபோன் இல்லாட்டி காலேஜ்ல மதிக்க மாட்டாங்க" என்கிறாராம் பெங்களூரு சித்தப்பா. 60,000 ரூபாய், 24 தவணை, மாதம் 2,500. அதில் ஆயிரத்தை, படிக்கும் பெண்களுக்கு அரசு மாதாமாதம் தரும் புதுமைப்பெண் திட்டப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அவர் யோசனைதான்.

கவலைப்படாதீங்கம்மா என்றுதான் தொடங்கினேன். இதைக் கேட்டதும், கூடவே கூடாது என்றேன். அந்த ஆயிரம் அவள் படிப்புக்கு வருகிறது. ரெக்கார்டு நோட்டு, புத்தகம், களப்பயணம் எல்லாம் இருக்கின்றன. 'வட்டியில்லாத் தவணை'யை நம்ப வேண்டாம். அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும், பிராசஸிங் கட்டணம் வந்து சேரும்.

மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "இலை, பூவெல்லாம் தெளிவா எடுக்கணும் சார், அது போதும்" என்றாள். இதை வீட்டில் யாரும் கேட்கவே இல்லை!

விலை குறைந்த புது போன்களில் கிட்டத்தில் படமெடுக்க 'மேக்ரோ' என்று ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் லென்ஸால் அவளுக்குப் பயனில்லை. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓ.ஐ.எஸ். உள்ள மெயின் கேமரா வேண்டும். அதற்கு, ஓரிரு வருடம் பழைய நடுத்தர போனை செகண்ட் ஹேண்டில் பாருங்கள். சாம்சங் ஏ55 என்றால், 2024-இல் சுமார் 40,000 ரூபாய்க்கு வந்தது, ஓ.ஐ.எஸ். உண்டு, பாதுகாப்பு அப்டேட் 2029 வரை. பழையதாக வாங்கினால் விலை நன்றாகவே இறங்கியிருக்கும்.

கடையில் அவசரப்படாதீர்கள். *#06# அழுத்தினால் அந்த போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் (ஐ.எம்.இ.ஐ.) வரும். பில்லில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் ஆங்கிலத்தில் கே ஒய் எம் என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தடை செய்யப்பட்டது, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். முன்பு வைத்திருந்தவரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, உங்கள் கண்முன்னே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்தால் திரையில் படிந்த கறை தெரிந்துவிடும். சார்ஜரைச் செருகி, ஆட்டிப் பாருங்கள். பேட்டரி மாற்றவும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்.

சித்தப்பா மறுபடியும் கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.