அப்பாவின் உதட்டில் இரண்டு பள்ளங்கள்

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது. மேலுதடு பிளந்து பிறந்தாள்; ஐந்தாம் மாதத்தில் அறுவை சிகிச்சை செய்து சேர்த்துவிட்டார்கள். கீழுதட்டில் ஊசியால் குத்தியதுபோல் இரண்டு சிறு பள்ளங்கள் இருக்கின்றன. என் கணவருக்கும் அதே இடத்தில் அவை உண்டு. மச்சம்போல எண்ணி விட்டுவிட்டார். அவருடைய அக்காவுக்குச் சிறுவயதில் அண்ணத்தில் அறுவை சிகிச்சை நடந்ததாம். நான் இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. 'மறுபடியும் வர நூற்றில் நான்கைந்து வாய்ப்புதான்' என்கிறார்கள். முதல் கர்ப்பத்தில் வாந்தியால் சத்து மாத்திரைகளைச் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் இப்படி ஆனதா, டாக்டர்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை அம்மா. அந்தப் பள்ளங்களுக்கும் நீங்கள் விட்ட மாத்திரைகளுக்கும் தொடர்பே இல்லை. இதை முதலில் மனதில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது. ஆனால் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, கீழுதட்டுப் பள்ளம் மூன்றும் ஒரே குடும்பத்தில் இருப்பதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது வான் டெர் வூட் சிண்ட்ரோம். 1954-இல் இதை விவரித்து எழுதிய மருத்துவரின் பெயர் அது. பெரும்பாலான குடும்பங்களில் ஐ.ஆர்.எஃப்.6 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம். பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் நூற்றில் இரண்டு பேருக்கு இது இருக்கலாம்.

மகளின் கீழுதட்டைச் சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்திவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். பள்ளத்தின் வாயில் பனித்துளிபோல ஈரம் அரும்பலாம். உள்ளே இருக்கும் சிறிய உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்து வருவது அது. சீழ் அல்ல, பிதுக்காதீர்கள். தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். அகற்றுவதானால் அடிவரை முழுமையாக எடுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் மறுபடி வீங்கும்.

என் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு குழந்தையின் உதட்டைத் தைத்துவிட்டு, 'இது தற்செயல்' என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பினேன். சில ஆண்டுகள் கழித்து, பிளந்த அண்ணத்தோடு பிறந்த இரண்டாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றுதான் அந்த அப்பாவின் கீழுதட்டைக் கவனித்தேன். முதல் தடவையும் அதே உதட்டால்தான் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். இன்றும் அது என்னை உறுத்துகிறது. அதற்குப் பிறகு, பிளவோடு எந்தக் குழந்தை வந்தாலும் அப்பா அம்மா இருவரின் உதட்டையும் பார்க்காமல் நான் பேச்சைத் தொடங்குவதில்லை.

அதனால்தான் அந்த 'நான்கைந்து' கணக்கை நான் ஏற்கவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் தனியாக வரும் பிளவுக்கு அது பொருந்தும். உங்கள் கணவரிடம் இந்த மரபணு மாற்றம் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் அது குழந்தைக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆனால் மாற்றம் வந்துவிட்டாலே பிளவு வரும் என்று பொருளில்லை. ஒரு பிள்ளைக்கு வெறும் பள்ளம், இன்னொன்றுக்கு உதடு, வேறொன்றுக்கு அண்ணம் என்று ஒரே வீட்டிலேயே மாறும். அரிதாக எதுவுமே வெளியே தெரியாமலும் போகும். அப்பாவுக்கு லேசாக இருந்ததால் பிள்ளைக்கும் லேசாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அறிவுக்கோ ஆயுளுக்கோ இதனால் குறைவில்லை.

நாள் கடத்தாமல் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். முதலில் கணவர், மகள் இருவரின் இரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். மாற்றம் இன்னதென்று தெரிந்தால், கருவில் சோதிக்க வேண்டுமா என்பதை நீங்கள் இருவரும் நிதானமாக முடிவு செய்யலாம். 18 முதல் 20 வாரங்களில் எடுக்கும் ஸ்கேனில் உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரியும். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் எளிதில் தெரியாது. குழந்தை பிறந்ததும் வாய்க்குள் டார்ச் அடித்து அண்ணத்தின் பின்பகுதி வரை பார்க்கச் சொல்லுங்கள். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தாலோ, பால் மூக்கு வழியாக வந்தாலோ கவனிக்க வேண்டும்.

மகளுக்கும் இதே பார்வை தேவை. மேலே தோல் மூடி உள்ளே தசை மட்டும் பிளந்திருக்கும் அண்ணம் கண்ணுக்குத் தப்பிவிடும். பேச்சு மூக்கால் ஒலிக்கத் தொடங்கும்போதுதான் தெரியும். சில முன்கடைவாய்ப் பற்கள் முளைக்காமலே போகலாம் என்பதால் பல் மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள்.

ஆலோசகரிடம் போகும்போது கணவரின் அக்காவையும் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கும் இந்த விவரம் தெரிய வேண்டும்.