வீசப்படாத பந்துகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்து வீரர் டாரெல் ரெவிஸை 2023இல், தகுதி வந்த முதல் ஆண்டிலேயே ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழரங்கில் சேர்த்தார்கள். அவர் பிடித்த இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி வீசிய பாஸை இடைமறித்துப் பிடித்தது, மொத்தமே 29. பால் கிரௌஸ் 81 பிடித்தவர். 29ஐ வைத்துக்கொண்டு எப்படி முதல் தடவையிலேயே உள்ளே போக முடிந்தது? என் மகன் பள்ளி அணியில் கார்னர்பேக். இந்த சீசனில் ஒரு பந்துகூடச் சிக்கவில்லை என்று நொந்துபோயிருக்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?

ஆர்., நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

கிரௌஸ் சேஃப்டி, ரெவிஸ் கார்னர்பேக். இருவரும் டிஃபென்சிவ் பேக், அதாவது எதிரணியின் பாஸைத் தடுக்கும் பின்வரிசைத் தற்காப்பு வீரர் என்றாலும் வேலை வேறு. சேஃப்டி ஆழத்தில் நின்று, பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் கண் போகிற திசையைப் பார்த்துப் பந்தை நோக்கி ஓடுகிறவர். ரிசீவரோடு, அதாவது பாஸைப் பிடிக்க ஓடும் எதிரணி வீரரோடு, ஆளோடு ஆளாக நிற்கும் கார்னர்பேக்கோ பாதி நேரம் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறார். அவர் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் பந்தே வராது. வராத பந்தை யாரும் பிடிக்க முடியாது.

2009ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் ஹூஸ்டனின் ரிசீவர் ஆண்ட்ரே ஜான்சன், ரெவிஸின் அணியான நியூயார்க் ஜெட்ஸிடம் பந்து பிடித்து எடுத்தது 35 கெஜம். அந்த சீசனில் 1,569 கெஜம் எடுத்து லீகிலேயே முதலிடத்தில் இருந்தவர் அவர். அடுத்த வாரம் நியூ இங்கிலாந்தின் ராண்டி மாஸ் 24 கெஜத்தோடு நின்றார். ஆனாலும் சிறந்த தற்காப்பு வீரர் விருது 9 இன்டர்செப்ஷன் எடுத்த சார்ல்ஸ் வுட்ஸனுக்குப் போனது. 6 எடுத்த ரெவிஸ் இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆண்டு ரெவிஸ் பிடித்தது பூஜ்யம். அப்போதும் அந்த ஆண்டின் சிறந்த வீரர்களைப் பட்டியலிடும் ஆல்-ப்ரோ முதல் அணியில் அவர் பெயர் இருந்தது. உங்கள் கேள்விக்கு அந்தப் பூஜ்யத்தைவிடத் தெளிவான பதில் கிடையாது.

இதை அவர் எப்படிச் செய்தார் என்பதை உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். ரிசீவருக்கு எதிரே ஒரு கெஜ இடைவெளியில் நிற்பார். உடல் எடை முன்பாதத்தில், பார்வை ரிசீவரின் இடுப்பில். தலையும் தோளும் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. பந்து ஆட்டத்துக்கு வந்ததும் பாய மாட்டார். இதுதான் முக்கியம். பள்ளிப் பையன்கள் இரண்டு கையையும் நீட்டி ரிசீவரைத் தள்ளப் பாய்கிறார்கள். எடை முன்னால் சாய்ந்துவிடுகிறது. ரிசீவர் அந்தக் கைகளைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் கடந்துவிடுகிறான். அதற்குப் பிறகு என்ன வேகம் இருந்தாலும் துரத்துவதுதான் மிச்சம். ரெவிஸ் சிறுசிறு அடியாகப் பக்கவாட்டில் நகர்ந்து காத்திருப்பார். ரிசீவர் ஒரு பக்கம் முடிவெடுத்துக் கிளம்பிய பிறகுதான் ஒரு கை மார்பில் போகும், அதுவும் எதிர்ப்பக்கக் கை. அப்படி வைத்தால்தான் இடுப்பு தானாகத் திரும்பி ஓடத் தயாராகும். தொழில்முறை ஆட்டத்தில் இந்தக் கை வைப்பெல்லாம் முதல் 5 கெஜத்துக்குள் முடிந்துவிட வேண்டும்; தாண்டினால் 5 கெஜ அபராதமும் எதிரணிக்குப் புது முதல் டவுனும், அதாவது முயற்சிகளை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் வாய்ப்பும். பள்ளி விதி வேறு, பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு எல்லைக்கோடுதான் துணை. ரெவிஸ் ரிசீவரின் இடுப்போடு இடுப்பாக ஓடியபடியே கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் கோட்டுப் பக்கம் நெருக்குவார். ரிசீவருக்கும் கோட்டுக்கும் நடுவே பந்து இறங்க இடம் வேண்டும். அந்த இடம் சுருங்கச் சுருங்க குவார்ட்டர்பேக் வேறு ஆளைத் தேடுவார்.

எப்போது திரும்பிப் பந்தைப் பார்ப்பது என்பதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். இடுப்போடு இடுப்பாக ஓடும்போது மட்டுமே திரும்பலாம். ஓரடி பின்தங்கிய நிலையில் திரும்பினால் வேகம் குறைந்து இடைவெளி இரண்டு கெஜமாகிவிடும். அப்போது பார்க்க வேண்டியது ரிசீவரின் கையை. அது மேலே எழும்போது நடுவில் கையை விட்டுப் பந்தைத் தட்டிவிட வேண்டும். பந்தையும் பார்க்காமல், அது வந்து சேரும் முன்பே ரிசீவர்மேல் மோதினால் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் குற்றம் நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும். 40 கெஜம் தள்ளி நடந்திருந்தால் 40 கெஜமும் போச்சு.

ஜெட்ஸ் பயிற்சியாளர் ரெக்ஸ் ரையனுக்கு இதில் கிடைத்த லாபம் ஆள் எண்ணிக்கை. எதிரணியின் தலைசிறந்த ரிசீவரை ரெவிஸ் தனியாகப் பார்த்துக்கொண்டதால், வழக்கமாக அங்கே உதவிக்குப் போகும் சேஃப்டி மிச்சமானார். அவரையோ இன்னொருவரையோ குவார்ட்டர்பேக்மேல் ஏவலாம். அந்த 2009இல் மிகக் குறைந்த கெஜம் விட்டுக்கொடுத்த அணி ஜெட்ஸ்தான்.

ஏட்டில் ஏறாத இந்த மதிப்புக்கு விலை பேசுவதில் ரெவிஸ் விடாப்பிடியாக இருந்தார். பேராசைக்காரர் என்று நியூயார்க்கில் பலர் திட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. என்எஃப்எல் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை எல்லாம் கைக்கு வராது. உத்தரவாதம் இல்லாத பகுதியை அணி எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். 2010இல் 36 நாள் பயிற்சி முகாமுக்குப் போகாமல் இருந்து 4 ஆண்டுக்கு 4.6 கோடி டாலர் வாங்கினார். 2012 செப்டம்பரில் மியாமியில், யாரும் இடிக்காமலே இடது முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுந்தது. பின்னோக்கி ஓடி, சட்டென இடுப்பைத் திருப்பிப் பாய்கிறவருக்கு அந்தத் தசைநார்தான் மூலதனம். அடுத்த ஆண்டு டாம்பா பேயில் 6 ஆண்டு, 9.6 கோடி டாலர், உத்தரவாதம் ஒரு டாலர்கூட இல்லை. ஒரே சீசனில் 1.6 கோடியோடு அனுப்பிவிட்டார்கள். 2014இல் நியூ இங்கிலாந்து போய் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வென்றார். 2015இல் ஜெட்ஸுக்கே திரும்பியபோது 7 கோடியில் 3.9 கோடிக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டார். அது எவ்வளவு சரி என்று 2016 காட்டியது: முதல் ஆட்டத்திலேயே சின்சினாட்டியின் ஏ. ஜே. கிரீன் ஜெட்ஸுக்கு எதிராக 12 பந்து பிடித்து 180 கெஜம் எடுத்தார். 31 வயதில் அரை அடி வேகம் குறைந்தாலே போதும், கார்னர்பேக்கால் அதை மறைக்க முடியாது. சீசன் முடிந்ததும் ஜெட்ஸ் அவரை விடுவித்தது.

உங்கள் மகனுக்கு வருகிறேன். ஆட்டத்தின் வீடியோவைப் போட்டு, எதிரணி பாஸ் வீசிய ஒவ்வொரு முறையும் மூன்றை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். பந்து குவார்ட்டர்பேக்கின் கையை விட்டபோது அவன் ரிசீவரின் இடுப்பருகே இருந்தானா, பின்தங்கியிருந்தானா? அவன் ஆளிடம் பந்து வீசினார்களா? வீசினால் பிடித்தார்களா? வீசுவதே குறைந்துகொண்டு வந்தால் பையன் சரியாக ஆடுகிறான். பின்தங்கிய தடவைகள் அதிகமாக இருந்தால் வீடியோவை முதல் இரண்டு அடிக்கு ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பாய்ந்திருப்பான். அதற்கான பயிற்சி எளிது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலாலேயே ரிசீவரை 5 கெஜம் வரை எதிர்கொள்ளச் சொல்லுங்கள். கை இல்லையென்றால் கால் காத்திருக்கப் பழகும்.