காலையில் முதல் ஓடர் மட்டும் ஏன் இழுக்கிறது?

வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் இணையக் கடையின் ஓடர் பகுதி அமேசான் லம்டாவில், நோட் ஜேஎஸ்ஸில் ஓடுகிறது. காலையில் வரும் முதல் ஓடர் இரண்டு மூன்று செக்கன் இழுக்கிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. எல்எல்ஆர்டிக்கு மாறினால் தீருமா?"

தீர வாய்ப்பு உண்டு. லம்டா என்பது தேவைப்படும்போது மட்டும் நிரலை (ஃபங்ஷனை) எழுப்பி ஓட்டும் அமேசானின் சேவை. ஜாவாஸ்கிரிப்ட் நிரலை அங்கே ஓட்டும் மென்பொருள், அதாவது ரன்டைம், உங்களிடம் நோட் ஜேஎஸ். அதற்கு மாற்றாக அமேசான் தரும் இன்னொரு ரன்டைம்தான் எல்எல்ஆர்டி. முதலில் லம்டாவின் இயக்கப் பதிவுகள் சேரும் கிளவுட்வாட்சைத் திறந்து, முதல் ஓடருக்குரிய 'ரிப்போர்ட்' வரியைப் பாருங்கள். அதில் 'இனிட் டியூரேஷன்' என்று ஓர் எண் இருக்கும். தூங்கிக் கிடந்த ஃபங்ஷனை எழுப்பப் போன நேரம் அது. அந்த எண் சிறிதாக இருந்தால் தாமதம் வேறெங்கோ, பெரும்பாலும் தரவுத்தள இணைப்பில். அப்படியானால் ரன்டைமை மாற்றிப் பயனில்லை.

எண் பெரிதா? சரி, எல்எல்ஆர்டியைப் பேசலாம். நோட்டுக்குள் இருக்கும் வி8 எஞ்சின் நீண்ட நேரம் ஓடும் நிரலுக்குப் பொருத்தமானது. அடிக்கடி ஓடும் பகுதிகளைக் கண்டுபிடித்து, ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றி வேகம் பிடிக்கும். சில மில்லிசெக்கனில் முடிகிற வேலைக்கு அந்த ஏற்பாடு வெறும் சுமை. 2024 பெப்ரவரியில் அமேசான் வெளியிட்ட எல்எல்ஆர்டி, ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. உள்ளே இருப்பது குயிக்ஜேஎஸ் என்ற சிறிய எஞ்சின். ஓடும்போது மொழிமாற்றும் வேலையே அதில் கிடையாது, அதனால் சட்டென்று எழும். தொடக்கம் 10 மடங்கு வரை வேகமாகலாம் என்கிறது அமேசான். 2025 ஓகஸ்ட் முதல் இந்த எழுப்பும் நேரத்துக்கும் கட்டணம் உண்டு என்பதால், பில்லிலும் கொஞ்சம் மிஞ்சும்.

ஆனால் கனமான கணக்கு வேலையில் இது பின்தங்கிவிடும். சேலைப் படங்களைச் சுருக்க ஷார்ப் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்களா? அது எல்எல்ஆர்டியில் ஓடவே ஓடாது, இயந்திர மொழிக்கு முன்பே மாற்றப்பட்ட நேட்டிவ் மொடியூல்களுக்கு அங்கே இடமில்லை. நிரலுக்கு நோட் தரும் ஆயத்த வசதிகளிலும் (ஏபிஐ) ஒரு பகுதிதான் இருக்கிறது. இன்னும் பரிசோதனை நிலை என்றே அமேசானும் சொல்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதலில் ஈஎஸ்பில்ட் என்ற கருவியால் நிரலை ஒரே கோப்பாகச் சுருக்கி, அமேசான் சேவைகளோடு பேச உதவும் எஸ்டிகே தொகுப்பில் தேவையான பகுதியை (கிளையன்டை) மட்டும் எடுப்பேன். பலருக்கு இதுவே போதும். போதாவிட்டால் ஓடரை வாங்கி, அமேசானின் தரவுத்தளமான டைனமோடிபியில் எழுதும் ஃபங்ஷனை மட்டும் எல்எல்ஆர்டிக்குக் கொண்டுபோங்கள், படவேலை நோட்டிலேயே இருக்கட்டும். ஓடர்களை எந்த வெர்ஷனுக்கு அனுப்புவது என்று குறிக்கும் லம்டா அலியாஸில், புதிய வெர்ஷனுக்குப் பத்தில் ஒரு பங்கு ஓடரை மட்டும் அனுப்பி, ஒரு வாரம் பிழைப் பதிவைக் கவனியுங்கள். தீபாவளி வியாபாரம் தொடங்குமுன் இதை முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் பண்டிகை கழிந்த பிறகு தொடங்கலாம்.