நாமும் நாங்களும்: இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்திருக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

யாழ்ப்பாணத்தில் நான்கு ஆண்டுகள் சைவநெறி கற்பித்துவிட்டு லண்டனில் ஓராண்டு ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருப்பதாகவும், கற்பித்தல் பயிற்சிக்கு இங்கிலாந்துத் திருச்சபையின் ஆரம்பப் பாடசாலை ஒன்று கிடைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். திருநீறு பூசிக்கொண்டு போகலாமா, இயேசுவின் உயிர்த்தெழுதலைக் கற்பிப்பது என் சமயத்துக்குச் செய்யும் துரோகமா, ஆண்டு முடிவில் நான் நானாகவே இருப்பேனா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விகளோடு அத்தகைய பாடசாலை ஒன்றின் வாசலில் நின்றவள் நான்.

திருநீறு பூசிக்கொண்டே போங்கள். பிள்ளைகள் அது என்னவென்று கேட்பார்கள், சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. ஊரில் சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம் என்று அவரவர் சமயமே பாடமாக இருப்பதால், 'நாம் சிவனை வழிபடுகிறோம்' என்று பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். இங்கே எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து பல சமயங்களைக் குறித்துக் கற்கிறார்கள். 'கிறித்தவர்கள் இவ்வாறு நம்புகிறார்கள்' என்பதே பாடத்தின் நடை. அந்த நடையில் உயிர்த்தெழுதலைக் கற்பிப்பதில் துரோகம் எதுவும் இல்லை. வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை 1848இல் தொடங்கிய ஆறுமுக நாவலரே, அதற்கு முன் மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர்தானே.

எனக்குக் கடினமாக இருந்தது என் சொந்தச் சமயத்தைக் கற்பித்ததுதான். தீபாவளிப் பாடத்துக்கு எனக்குக் கொடுத்த படங்களில் இராமனும் சீதையும் அயோத்தி திரும்பும் கதை மட்டுமே இருந்தது. உங்கள் வீட்டிலும் இராமனுக்காகத்தான் விளக்கேற்றுவீர்களா என்று ஒரு சிறுமி கேட்டபோது, 'நாங்கள் நரகாசுரன் கதையைச் சொல்லி, விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிப்போம்' என்றேன். கேட்பவரையும் அணைத்துக்கொள்ளும் 'நாம்' போய், அவரை வெளியே நிறுத்தும் 'நாங்கள்' என் மனத்தில் வந்து நின்றதை அன்று உணர்ந்தேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் வேறெவருக்கும் அது தெரியவில்லை. ஏன் எண்ணெய் என்று அடுத்த கேள்வி வந்தபோது என்னிடம் பதில் இல்லை. பழக்கமாகச் செய்துவந்தவற்றைப் பொருளறிந்து செய்யத் தொடங்கியது அந்தக் குளிர்காலத்தில்தான்.

நாள்தோறும் கூட்டு வழிபாடு நடக்க வேண்டும் என்பது இங்கே 1944 முதல் சட்டம். முதல் வாரம் மண்டபத்தில் எல்லோரும் பரமண்டல ஜெபம் சொல்ல, நான் வாய்மூடி, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். அப்போது ஊரில் என் வகுப்பிலிருந்த ஒரு கத்தோலிக்கச் சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது. காலைத் தேவாரத்தின்போது அவன் இப்படித்தான் நின்றிருப்பான். மூன்று ஆண்டுகளில் ஒருநாள்கூட நான் அவனைக் கவனித்ததில்லை. மாணவரின் எளிதில் வசப்படும் நிலையைப் பயன்படுத்தும் வகையில் ஆசிரியர் தம் நம்பிக்கைகளை வெளிப்படுத்தக் கூடாது என்று 2012 முதல் நடைமுறையிலிருக்கும் ஆசிரியர் தரநிலைகளின் இரண்டாம் பகுதி சொல்கிறது. பின்னாளில் அதைப் படித்தபோது, வாய்ப்பூட்டாகத் தோன்றியிருக்கக்கூடிய அந்த வரி, அந்தச் சிறுவனுக்காக எழுதப்பட்டதாகவே எனக்குப் பட்டது.

ஆகவே, உங்கள் மூன்றாவது கேள்விக்கு உண்மையைச் சொல்வதானால், நீங்கள் மாறுவீர்கள். என் நம்பிக்கை குறையவில்லை. இன்றும் வெள்ளிக்கிழமைகளில் ஹைகேற் முருகன் கோயிலுக்குப் போகிறேன். ஆனால் வகுப்பில் என் கண் முதலில் தேடுவது, சேர்ந்து பாடாத பிள்ளையை.

ஒன்றில் மட்டும் கவனமாயிருங்கள். இந்து சமயம் என்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அந்த ஆண்டு நான்கு வகுப்புகளின் தீபாவளிப் பாடங்கள் வந்து சேர்ந்தன, கணிதப் பாடத்தை நடத்திக் காட்டும் வாய்ப்போ குறைந்துபோயிற்று. முதல் வாரத்திலேயே வழிகாட்டி ஆசிரியரிடம், எல்லாப் பாடங்களையும் கற்பிக்கப் பயில வந்திருப்பதைத் தெளிவாகச் சொல்லி, உயிர்த்தெழுதல் பாடத்தையும் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
அக்கா